பாக்கெட் இப்போது யார் கையில்? ஓஎஸ்ஸுக்குள் நெட்வொர்க் அடுக்குகளை எங்கே பிரிப்பது

கேள்வி இது: "கல்லூரி இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காகச் சின்னதாக ஒரு ஓஎஸ் எழுதுகிறேன். கியூஎமு எமுலேட்டரில் விர்ட்டியோ என்ற மெய்நிகர் நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் முடிந்தது. 'இந்த ஐபி முகவரிக்குரிய கார்டின் வன்பொருள் முகவரி (மேக்) எது' என்ற ஏஆர்பி கேள்விக்குப் பதிலும் போகிறது. இனி முகவரி பார்த்து அனுப்பும் ஐபி, அதன் மேல் பாக்கெட்டை அப்படியே அனுப்பும் யுடிபி, தொலைந்ததை மறுபடி அனுப்பும் டிசிபி. ஏழு அடுக்குக்கும் ஒரே மாதிரி ஒரு ஸ்ட்ரக்ட் வைத்து, அதில் அனுப்ப ஒரு ஃபங்ஷன் பாயிண்டர், வாங்க ஒரு ஃபங்ஷன் பாயிண்டர் என்று போடப் பார்க்கிறேன். எந்த அடுக்கையும் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். இது சரியா?"

யுடிபி வரைக்கும் தாங்கும். டிசிபியைத் தொட்டதும் கிழியும். நானும் ஒரு காலத்தில் இதே படத்தை வரைந்தவன்தான். எங்கெல்லாம் கிழிந்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஏழை மறந்துவிடுங்கள். பாடப்புத்தகங்களில் வரும் ஓஎஸ்ஐ ஏழடுக்கு மாதிரி ஐஎஸ்ஓ 7498 என்ற தரமாக 1984-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே பெர்க்லியின் யுனிக்ஸான 4.2பிஎஸ்டி, டிசிபி/ஐபியை ஓஎஸ்ஸின் மையமான கர்னலுக்குள் வைத்து வெளிவந்துவிட்டது. நீங்கள் எழுதப்போவது அந்த வம்சம். அதில் உண்மையான எல்லைகள் மூன்றுதான்: டிரைவருக்கு மேலே ஒன்று, ஐபிக்கு மேலே ஒன்று, சாக்கெட்டுக்கு (புரோகிராம் நெட்வொர்க்கைத் தொடும் வாசல்) கீழே ஒன்று. இந்த மூன்றிலும் நடக்கும் கொடுக்கல் வாங்கல் வேறு வேறு. மூன்றுக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தால் ஒன்றுக்குத் தொளதொளவென்றும் இன்னொன்றுக்கு மூச்சு முட்டவும் இருக்கும்.

உங்கள் ஸ்ட்ரக்ட்டைப் பார்த்ததும் எனக்கு எழுந்த முதல் கேள்வி: அனுப்பு என்று ஒரு பஃபரை (பாக்கெட் இருக்கும் மெமரித் துண்டு) கீழே கொடுக்கிறீர்கள். கொடுத்த நொடியிலிருந்து அது யாருடையது? கீழ் அடுக்கு தோல்வி என்று சொன்னால் அதை விடுவிப்பது யார் வேலை? வெற்றி என்று சொன்னால், கார்டு டிஎம்ஏ வழியாக (பிராசசரின் உதவியின்றி மெமரியிலிருந்து நேரடியாக) அதை இன்னும் படித்துக்கொண்டிருக்கலாம், அதுவரை யார் அதைத் தொடக்கூடாது? ஃபங்ஷனின் பெயரையும் அளபுருக்களையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இந்தக் கேள்விக்கான விடையைப் பாதி வழியில் மாற்ற முடியாது. இன்டர்ஃபேஸ் என்று நான் சொல்வது பெரும்பாலும் இந்த விடையைத்தான்.

இப்போதைய அமைப்புகளே இதில் ஒத்துப்போவதில்லை என்பதைக் கவனியுங்கள். லினக்ஸில் மேலடுக்குகள் பாக்கெட்டைக் கருவியின் வரிசையில் போடக் கூப்பிடும் ஃபங்ஷன், என்ன விடை தந்தாலும் பஃபரை விழுங்கிவிடும். திரும்ப வந்து தொட்டால் தொலைந்தீர்கள். ஆனால் அதற்குக் கீழே டிரைவரின் அனுப்பும் ஃபங்ஷன் 'பிஸி' என்று சொன்னால் பஃபர் இன்னும் கூப்பிட்டவருடையதுதான். ஆடம் டங்கெல்ஸ் ஸ்வீடனில் எழுதிய எல்டபிள்யூஐபி என்ற சிறு டிசிபி/ஐபி தொகுப்பில் பாக்கெட் மேலே வரும் வழியில், 'ஓகே' என்றால் மேலடுக்கு எடுத்துக்கொண்டது, வேறு எது வந்தாலும் டிரைவர்தான் விடுவிக்க வேண்டும். அதை முதல் முறை தங்கள் அமைப்புக்கு மாற்றி எழுதுபவர்கள் இங்கேதான் மெமரியைக் கசியவிடுவார்கள், அல்லது ஒரே பஃபரை இரண்டு முறை விடுவிப்பார்கள். உங்களுக்கு என் யோசனை முரட்டுத்தனமானது: எந்த அடுக்கிலும், எந்தத் திசையிலும், கொடுத்தது கொடுத்ததுதான். தோல்வி என்றாலும் வாங்கியவரே விடுவிக்கட்டும். வைத்துக்கொள்ள வேண்டியவர் கொடுக்கும் முன்பே தனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொள்ளட்டும்.

இனி பஃபரின் உருவம். முதல் முறை எழுதுபவர்கள், ஒவ்வொரு அடுக்கிலும் புதிதாக மெமரி வாங்கி, தன் ஹெடரை (பாக்கெட்டின் முன்னால் வரும் விவரப் பகுதி) எழுதி, மேலிருந்து வந்ததைப் பின்னால் காப்பி செய்வார்கள். ஒரே பாக்கெட் மூன்று முறை காப்பி ஆகும். பிஎஸ்டி இதற்கு எம்பஃப் என்ற 128 பைட் துண்டுகளின் சங்கிலியை வைத்தது. ஹெடர் வேண்டுமா, முன்னால் ஒரு துண்டைக் கோத்துவிடு. மெமரி அருமையாக இருந்த காலத்துக்கு அது நல்ல யோசனை. ஆனால் ஹெடர் இரண்டு துண்டுகளுக்கு நடுவே உடைந்து கிடக்கும் சாத்தியம் உண்டு. அதனால் படிக்கும் ஒவ்வொரு இடத்திலும் 'இத்தனை பைட் தொடர்ச்சியாக இருக்கிறதா' என்று கேட்டுத்தான் தொட வேண்டும். கேட்க மறந்த இடத்தில் பிழை. லினக்ஸ் எடுத்த வழி நேரானது: ஒரே நீள பஃபர், அதன் மேல் நான்கு குறிகள். பஃபரின் தொடக்கம், டேட்டாவின் தொடக்கம், டேட்டாவின் முடிவு, பஃபரின் முடிவு. முன்னால் இடம் விட்டுத் தொடங்குகிறோம். ஒவ்வொரு அடுக்கும் டேட்டாவின் தொடக்கத்தைத் தன் ஹெடர் அளவுக்குப் பின்னுக்கு இழுத்து அங்கே எழுதுகிறது. மேலே வரும்போது அதே குறியை முன்னுக்குத் தள்ளுகிறது. காப்பியே கிடையாது.

முன்னிடம் எவ்வளவு? ஈதர்நெட் 14, ஐபி 20, டிசிபி 20, மொத்தம் 54 பைட். டிசிபி ஆப்ஷன்கள் இன்னும் 40 பைட் வரை போகலாம். 128 விட்டால் நிம்மதி. வாங்கும் பக்கம் ஒரு சின்ன விஷயம்: ஈதர்நெட் ஹெடர் 14 பைட் என்பதால் அதை அடுத்து வரும் ஐபி ஹெடர் நான்கின் மடங்கில் உட்காராது. பஃபரை 2 பைட் தள்ளித் தொடங்கினால் சரியாக உட்காரும். எக்ஸ்86-இல் இதை விட்டாலும் ஓடும், சில பிராசசர்களில் பிழை என்று நின்றுவிடும்.

இந்தக் குறி நகர்த்தலை நம்பி நான் வாங்கிய அடியைச் சொல்கிறேன். என் டிசிபி நன்றாக ஓடியது, ஹோஸ்ட்டிலிருந்து ஃபைல் இறங்கியது. மறுஅனுப்பலைச் சோதிக்க டிரைவரில் இருபதுக்கு ஒரு பாக்கெட்டை வேண்டுமென்றே கீழே போட்டேன். இணைப்பு உறைந்தது. கொஞ்ச நேரத்தில் கர்னல் பேனிக், ஓஎஸ்ஸே நின்றுவிட்டது. கியூஎமு எழுதித் தந்த பாக்கெட் பதிவை வயர்ஷார்க் என்ற பாக்கெட் ஆய்வுக் கருவியில் திறந்தால், எங்குமே நான் திறக்காத ஒரு மூல போர்ட்: 21077. சேரும் போர்ட் 2560. இந்த எண்களை முறைத்துப் பார்த்தபடியே பாதி நாள் போனது. கடைசியில் பதினாறை அடிமானமாகக் கொண்ட ஹெக்ஸ் எண்ணில் பார்த்தபோதுதான் விளங்கியது: 52 55 0ஏ 00 02 02. கியூஎமுவின் யூசர் நெட்வொர்க்கில் 10.0.2.2 என்ற கேட்வேயின் மேக் முகவரி அது. டிசிபி ஹெடர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஈதர்நெட் ஹெடர் உட்கார்ந்திருந்தது.

நடந்தது இதுதான். 'வந்துசேர்ந்தது' என்ற ஒப்புகை எதிராளியிடமிருந்து வரும்வரை வைத்திருக்க வேண்டிய பஃபரையே டிசிபி ஐபியிடம் கொடுத்திருந்தது. ஐபி 20 பைட் பின்னுக்கு இழுத்தது, ஈதர்நெட் 14. மறுபடி அனுப்பும்போது அதே பஃபர், நகர்ந்த குறியோடு. அதன் மேல் இன்னொரு 34 பைட். அடுத்த முறை இன்னொரு 34. 54, 88, 122. நான்காவது முறை 156 கேட்டபோது 128 பைட் முன்னிடம் தீர்ந்து பேனிக். டிசிபியிலும் பிழையில்லை, ஐபியிலும் பிழையில்லை. நடுவே இருந்த ஒப்பந்தத்தில்தான் ஓட்டை. லினக்ஸ் இதற்காகவே குறிகளைத் தாங்கும் சிறு ஸ்ட்ரக்ட்டையும், டேட்டா உள்ள பெரிய பஃபரையும் பிரித்து வைத்திருக்கிறது. குளோன் எடுத்தால் குறிகள் மட்டும் இரண்டாகும், டேட்டா ஒன்றே, அதற்கு ஒரு ரெஃபரன்ஸ் எண்ணிக்கை. டிசிபி அசலை வைத்துக்கொண்டு குளோனைக் கீழே கொடுக்கும். ஒரு எச்சரிக்கை: முதல் குளோனைக் கார்டு இன்னும் அனுப்பி முடிக்காதபோது மறுஅனுப்பல் டைமர் அடித்தால், டிஎம்ஏ படித்துக்கொண்டிருக்கும் அதே இடத்தில் நீங்கள் ஹெடரை எழுதுவீர்கள். மறுபடி குளோன் எடுக்கும் முன் எண்ணிக்கையைப் பாருங்கள், ஒன்றுக்கு மேல் இருந்தால் எழுதாதீர்கள், அடுத்த டைமர் வரை பொறுங்கள்.

அடுத்து, திசை. கீழே போவதும் மேலே வருவதும் கண்ணாடிப் பிம்பங்கள் என்று உங்கள் படம் நினைக்கிறது. கீழே போகும்போது ஒரு புரோகிராம் கேட்டு, அதன் திரெட்டிலேயே வேலை நடக்கிறது. தேவைப்பட்டால் தூங்கலாம். மேலே வரும்போது யாரும் கேட்கவில்லை, கார்டு இன்டரப்ட் அடித்துப் பிராசசரை இடைமறிக்கிறது. அங்கே தூங்கக்கூடாது. யாருக்கான பாக்கெட் என்று நான்கைந்து ஹெடர் புலங்களைப் படித்த பிறகுதான் தெரியும். எம்ஐடியின் டேவிட் கிளார்க் 1985-இல் 'அப்கால்' என்று இதற்கு ஒரு வழி சொன்னார்: கீழடுக்கு மேலடுக்கைச் சாதாரண ஃபங்ஷன் அழைப்பாகவே கூப்பிடட்டும், அடுக்குக்கு ஒரு பிராசஸ், நடுவே ஒரு வரிசை என்று வைக்க வேண்டாம். அரிசோனா பல்கலைக்கழகத்தின் எக்ஸ்-கர்னல் 1991 வாக்கில் இதே வழியில் போனது. ஒரு பாக்கெட்டோடு ஒரு திரெட், மேய்ப்பன் ஆட்டை ஓட்டிக்கொண்டு போவதுபோல, அடியிலிருந்து உச்சி வரை அதைக் கூட்டிக்கொண்டு போகும்.

பழைய பிஎஸ்டியில் டிரைவர் இன்டரப்ட்டில் பாக்கெட்டை ஐபி வரிசையில் போடும், கர்னல் தானே பிற்பாடு எழுப்பும் சாஃப்ட் இன்டரப்ட் அதை எடுக்கும். அந்த வரிசையின் வழக்கமான அளவு 50. வெள்ளமாகப் பாக்கெட் வந்தால் பிராசசர் முழு நேரமும் இன்டரப்ட்டிலேயே கிடக்கும், வரிசை நிரம்பி வழியும், உழைத்து உள்ளே கொண்டுவந்த பாக்கெட்டையே எறிய வேண்டியதாகும். ஆய்வாளர்கள் மோகுலும் கே.கே. ராமகிருஷ்ணனும் 1996-இல் இதை அளந்து காட்டி, சுமை கூடும்போது இன்டரப்ட்டை அணைத்துவிட்டு, நாமே போய்க் கார்டை எட்டிப் பார்க்கும் முறையை முன்வைத்தார்கள். லினக்ஸ் பாக்கெட் வாங்கும் நாப்பி (NAPI) என்ற முறை அந்த வகைதான். உங்கள் ஓஎஸ்ஸுக்கு இதன் பொருள்: இன்டரப்ட்டில் ஒரு கொடியை மட்டும் ஏற்றுங்கள். ஒரே ஒரு நெட்வொர்க் திரெட் கார்டின் வளையத்திலிருந்து (கார்டு பாக்கெட்டுகளைப் போட்டுவைக்கும் வட்ட வரிசை) பாக்கெட்டை எடுத்து, ஈதர்நெட், ஐபி, டிசிபி, சாக்கெட்டின் வாங்கு வரிசை வரை ஒரே அழைப்புச் சங்கிலியில் கொண்டுபோகட்டும். வரிசைகள் இரண்டே இரண்டு: கார்டின் வளையம், சாக்கெட்டின் வரிசை.

கீழே போகும் வழியிலும் ஒரு பொறி உண்டு. ஐபி பாக்கெட் தயார், ஆனால் எதிராளியின் மேக் முகவரி தெரியாது. ஏஆர்பி கேட்டுப் பதில் வரும்வரை என்ன செய்வது? அந்தத் திரெட்டையே தூங்கவைத்தால், அனுப்பியது நெட்வொர்க் திரெட்டாக இருக்கும் பட்சத்தில் (டிசிபி ஒப்புகைகள் அங்கிருந்துதான் கிளம்பும்) ஏஆர்பி பதிலை வாங்கவே ஆள் இருக்காது. எறிந்துவிடலாம். சில கருவிகளை பிங் செய்யும்போது முதல் பிங் மட்டும் தொலைவதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் பெரும்பாலும் இதுதான். ஒவ்வொரு முகவரிக்கும் காத்திருப்பவற்றில் கடைசியாக வந்த ஒன்றையாவது வைத்திருக்கச் சொல்கிறது 1989-இன் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 1122. ஆகவே அனுப்பும் ஃபங்ஷன் 'ஓகே' என்று சொன்னால் 'பாக்கெட் போய்விட்டது' என்று அர்த்தமாகாது, 'இனி என் பொறுப்பு' என்றுதான் அர்த்தம். பஃபர் யாருடையது என்ற பழைய கேள்வியே வேறு வேஷத்தில் வந்திருக்கிறது.

ஓஎஸ் தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் லூப்பேக்கும் அப்படித்தான். 127.0.0.1-க்கு அனுப்பினால் டிரைவர் அதை உடனே வாங்கும் ஃபங்ஷனுக்குத் திருப்பிவிடலாமே என்று தோன்றும். டிசிபி தன் லாக்கை (ஒரு நேரத்தில் ஒருவரே தொடலாம் என்ற பூட்டு) பிடித்தபடி அனுப்ப, லூப்பேக் அதே அழைப்புச் சங்கிலியில் திருப்பிவிட, அதே டிசிபி அதே லாக்கைக் கேட்டு நிற்கும். பிஎஸ்டியும் லினக்ஸும் லூப்பேக்கில் பாக்கெட்டை வரிசையில் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவது இதற்காகத்தான். ஏழு வரி ஃபங்ஷன், ஆனால் உங்கள் டிசைனில் எங்கே லாக் தவறு என்பதை இதைவிடச் சீக்கிரம் எதுவும் காட்டாது.

இப்போது உங்கள் படத்தில் இல்லவே இல்லாத வழிகளுக்கு வருகிறேன்: பக்கவாட்டில் போகும் தகவல்.

பாக்கெட் வழியில் கெட்டதா என்று சரிபார்க்கும் டிசிபி, யுடிபி செக்சம் தன் சொந்த பைட்களை மட்டும் கூட்டுவதில்லை. அனுப்புநர், பெறுநர் ஐபி முகவரிகள், புரோட்டோகால் எண், நீளம் என 12 பைட் பொய் ஹெடர் ஒன்றையும் சேர்த்துக் கூட்டுகிறது. ஆனால் அனுப்பும் ஐபி முகவரி எது என்பது எந்தக் கார்டு வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்தது. அதை ஐபியின் வழித்தட அட்டவணைதான் சொல்லும். ஆக டிசிபி ஐபியிடம் முதலில் வழி கேட்டு, பிறகு செக்சம் போட்டு, பிறகு பாக்கெட்டைக் கொடுக்க வேண்டும். அனுப்பு, வாங்கு என்ற இரண்டே ஃபங்ஷன்களில் 'வழி கேள்' எங்கே இருக்கிறது? 4.2பிஎஸ்டியின் புரோட்டோகால் அட்டவணையில் எல்லாருக்கும் பொதுவாக அனுப்பும் பாயிண்டர் ஒன்று இருந்தது. ஆனால் டிசிபி அதைத் தொடாமல் ஐபியின் அனுப்பும் ஃபங்ஷனை நேரடியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அதைச் சோம்பல் என்று முதலில் நினைத்தேன். பொது வாசல் வழியாக வழித்தடத்தையும் ஆப்ஷன்களையும் கொண்டுபோக முடியாததுதான் காரணம் என்பது நானே எழுதியபோது தெரிந்தது.

பிழைச் செய்திகளும் இப்படியே. 'பாக்கெட் பெரிது, இந்த வழியில் இவ்வளவுதான் போகும்' என்று நடுவிலுள்ள ரவுட்டர் ஐசிஎம்பி என்ற வகைப் பிழைச் செய்தியை அனுப்புகிறது. அது வந்து சேர்வது ஐபிக்கு, கேட்டு நடக்க வேண்டியது டிசிபி. ஐசிஎம்பி செய்தி மூலப் பாக்கெட்டின் ஐபி ஹெடரையும் அதன் பின்னால் குறைந்தது 8 பைட்டையும் திருப்பித் தரும். அந்த 8 பைட்டில் இரண்டு போர்ட்களும் டிசிபியின் வரிசை எண்ணும் கச்சிதமாக அடங்கும். எந்த இணைப்பு என்று கண்டுபிடிக்க அது போதும். ஆனால் அதைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தது ஐபிக்கு அல்ல, டிசிபிக்குத்தான். அதனால் லினக்ஸில் ஐபிக்கு மேலே பதிவு செய்யும் ஸ்ட்ரக்ட்டில் வாங்கும் ஃபங்ஷனுக்குப் பக்கத்திலேயே பிழை வாங்கும் ஃபங்ஷன் ஒன்றும் இருக்கிறது. நீங்களும் இன்றே போட்டுவிடுங்கள், யுடிபிக்கே தேவைப்படும்.

கீழ்ப்பக்கத்தில் இதற்கு நேரெதிராக, மிக நேர்த்தியாக வெட்டப்பட்ட ஓர் எல்லையும் உண்டு. இன்றைய கார்டுகள் செக்சத்தைத் தாங்களே கணக்கிடும். அப்படியானால் டிரைவருக்கு டிசிபி தெரிய வேண்டுமா? உங்கள் விர்ட்டியோ ஹெடரைப் பாருங்கள்: கூட்டத் தொடங்க வேண்டிய இடம், அங்கிருந்து எத்தனையாவது பைட்டில் விடையை எழுத வேண்டும் என இரண்டு எண்கள் மட்டும். டிரைவர் அவற்றைக் கொடுக்க, கார்டு கண்ணை மூடிக்கொண்டு கூட்டி எழுதுகிறது. டிசிபியா, யுடிபியா, நாளை வரும் வேறொன்றா என்று இரண்டுக்கும் தெரியாது, தெரிய வேண்டியதில்லை. பொய் ஹெடரின் கூட்டலை மேலடுக்கு முன்கூட்டியே செக்சம் புலத்தில் போட்டு வைத்துவிடுகிறது. அடுத்த அடுக்கின் பெயரைச் சொல்லாமல் அதற்கு வேண்டிய வேலையை மட்டும் சொல்வது எப்படி என்று பார்க்க இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது.

எந்த அடுக்கையும் கழற்றி மாட்டலாம் என்ற ஆசைக்கு ஒரு பழைய கதை உண்டு. பெல் லேப்ஸில் டென்னிஸ் ரிட்சி 1984-இல் விவரித்த ஸ்ட்ரீம்ஸ் அதைத்தான் செய்தது. ஒவ்வொரு கூறுக்கும் இரு திசைக்கு இரு வரிசை, ஒரே மாதிரி வாசல், ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் புதிய கூறைச் செருகலாம். டெர்மினல்களுக்கு அருமையான பொருத்தம். சிஸ்டம் V யுனிக்ஸ் அதை நெட்வொர்க்குக்கும் எடுத்துக்கொண்டது, சன் நிறுவனத்தின் யுனிக்ஸான சோலாரிஸ் வழி வழியாகத் தாங்கியது. கடைசியில் 2005-இன் சோலாரிஸ் 10-இல் வேகத்துக்காக டிசிபியையும் ஐபியையும் ஒரே கூறாக இணைத்துவிட்டார்கள். பூட்டை அழகாகச் செய்து, பிறகு கதவையே சுவரோடு சேர்த்துப் பூசிய மாதிரி. லினக்ஸ் ஸ்ட்ரீம்ஸை மையக் கர்னலுக்குள் சேர்க்கவே இல்லை. அடுக்குகள் புரோட்டோகாலை விளக்குவதற்கு நல்லவை, அவற்றையே நிரலின் கூறுகளாக்கினால் விலை உண்டு என்று அதே கிளார்க் 1982-இலேயே ஆர்எஃப்சி 817-இல் எழுதியிருந்தார். டிசிபிக்கும் ஐபிக்கும் நடுவே உங்கள் ஓஎஸ்ஸில் பாயிண்டர் அட்டவணை வாங்கும் திசைக்கு மட்டும் போதும்: 256 இடங்கள், புரோட்டோகால் எண்ணே சுட்டெண்.

சாக்கெட் பக்கம் அதிகம் சொல்ல மாட்டேன், அங்கே பெர்க்லியின் பாதையே போதும். ஒரே ஒரு இடத்தில் அவர்களைப் பின்பற்றாதீர்கள்: முகவரிக்கு நிலையான அளவு. பொது முகவரி ஸ்ட்ரக்ட் 16 பைட், ஐபிவி6 முகவரி ஸ்ட்ரக்ட் 28 பைட். அந்த 16-ஐ நம்பி எழுதிய நிரல்களைச் சரிசெய்யவே பெரிய சேமிப்பு ஸ்ட்ரக்ட் ஒன்றைப் பிற்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று. பெல் லேப்ஸின் பிளான் 9 என்ற ஓஎஸ் முகவரியை வெறும் எழுத்துச் சரமாக வைத்தது, ஒரு ஃபைலில் 'இந்த முகவரியோடு இணை' என்று எழுதினால் இணைப்பு. பாடத்துக்கு எழுதும் ஓஎஸ் என்றால் எனக்கு அதுவே பிடிக்கும்.

டைமரையும் மறக்க வேண்டாம். பிஎஸ்டி அட்டவணையில் ஒவ்வொரு புரோட்டோகாலுக்கும் 200 மில்லிசெகண்டுக்கு ஒரு முறையும் 500 மில்லிசெகண்டுக்கு ஒரு முறையும் கூப்பிட இரண்டு இடங்கள் இருந்தன. உங்களுக்கு ஒன்று போதும், ஆனால் அது மேலே சொன்ன அதே நெட்வொர்க் திரெட்டிலேயே ஓடட்டும். பாதி லாக்குகள் தேவையற்றுப் போகும்.

இப்போது கைவைக்க வேண்டிய வரிசை: பஃபர் ஸ்ட்ரக்ட், குளோன், பிறகு வரிசையுள்ள லூப்பேக், அதன் மேல் யுடிபி. டிசிபியில் இணைப்பைத் தொடங்கும் முதல் கைகுலுக்கல் ஓடிய அன்றே டிரைவரில் இருபதுக்கு ஒன்றைக் கீழே போடும் கொடியைச் சேர்த்துவிடுங்கள். வயர்ஷார்க்கில் 21077 தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.